அப்பாவின் கேமராவை யாரிடம் கொடுப்பது?

அப்பாவின் பென்டாக்ஸ் கே1000 மூன்று மாதமாக அலமாரியில் கிடக்கிறது. ரிப்பேருக்கு ஆள் தேடியே அலுத்துவிட்டது. 1976 முதல் 1997 வரை தயாரான மாடல். ஃபிலிமில் ஒளி விழத் திறந்து மூடும் ஷட்டர் முழுக்க இயந்திர வேலை; பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான். கை பழகிய ஒருவர் இருந்தால் போதும். அந்த ஒருவர் கும்பகோணத்திலும் கிடைக்கவில்லை, தஞ்சாவூரிலும் கிடைக்கவில்லை.

போன வாரம் ஒரு கடைக்காரர், "வச்சுட்டுப் போங்க சார், பாத்துடலாம்" என்றார். என்ன கோளாறு என்றுகூடக் கேட்கவில்லை! ஒரு நொடி வேகத்தில் வைத்தால் ஷட்டர் திறந்தபடியே நின்றுவிடுகிறது. உள்ளே பழைய எண்ணெய் இறுகியிருக்கும். பிரித்துச் சுத்தம் செய்து, சொட்டு எண்ணெய் இட்டு, ஒவ்வொரு வேகத்தையும் டெஸ்டரில் அளக்க வேண்டும். டெஸ்டர் இருக்கிறதா என்று கேட்டேன். சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாராம். 1/1000 நொடியைக் காதால் எப்படி அளப்பது?

லென்ஸில் வேறு பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் டெல்டாவில் எந்தக் கண்ணாடிதான் தப்புகிறது? அதை வெறும் துணியால் அழுத்தித் துடைத்தால் மேல்பூச்சு போய்விடும். அவர் கையில் இருந்ததோ சட்டைத் துணி.

சரி, சென்னைக்கு அனுப்பலாம் என்றால், முகம் தெரியாத ஒருவரை நம்பி கூரியரில் போட மனம் வரவில்லை. என் கல்யாணப் படங்கள் எல்லாம் அதில் எடுத்தவை.