ஜோர்டானை யாரும் துரத்தவில்லை
அண்ணா, அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஜோர்டானைப் பற்றிய ஆவணத் தொடரைப் பார்த்த சூட்டில் "மைக்கேல் ஜோர்டான் பள்ளி அணியிலிருந்தே துரத்தப்பட்டவர்" என்று எழுதிவிட்டீர்கள். அது பாதிக் கதைதான்.

நடந்தது 1978இல், வட கரோலினாவின் வில்மிங்டனில் உள்ள லேனி பள்ளியில். ஜோர்டான் அப்போது பத்தாம் வகுப்பு. சீனியர் அணிப் பட்டியலில் பெயர் வரவில்லை, ஜூனியர் அணியில் போட்டார்கள். அவ்வளவுதான். பந்தைப் பிடுங்கி வீட்டுக்கு அனுப்பவில்லை. சீனியரில் இடம் கிடைத்த லீராய் ஸ்மித்தும் அதே வகுப்புதான், ஆனால் 6 அடி 7 அங்குலம். ஜோர்டான் 5 அடி 10. அணிக்கு உயரம் தேவைப்பட்டது.

மஞ்சக்குப்பத்தில் நாங்கள் செம்மண் கோர்ட்டில் ஆடியபோதும் இதே கணக்குதான். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நன்றாக ஓடும் பையன் வெளியே உட்கார்ந்திருப்பான், பந்தைப் பிடிக்கவே தடுமாறும் நெட்டையன் கூடைக்கு அடியில் நிற்பான். (அந்த நெட்டையன் நான்தான்.)

ஜூனியர் அணியில் ஜோர்டான் சும்மா இருக்கவில்லை. ஒரே ஆட்டத்தில் 40 புள்ளிகள்கூட எடுத்திருக்கிறார். அப்புறம் கிடுகிடுவென்று வளர்ந்தார், அடுத்த ஆண்டே சீனியர் அணி. 1982இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு எதிரான கல்லூரி இறுதிப்போட்டியில், கடைசி நொடிகளில் தன் வட கரோலினா பல்கலைக்கழக அணியை 63-62 என்று முன்னே கொண்டுபோன கூடையும் அவர் போட்டதுதான்.

வருத்தம் இருந்தது உண்மை, அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். "துரத்தினார்கள்" என்பதை மட்டும் மாற்றிவிடுங்கள் அண்ணா. என் அக்கா பையன் அதை அப்படியே ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறான்.