மாகின் தியாஸ் பாடியதற்காக கிராமி வாங்கினாரா?

“எழுதப் படிக்கத் தெரியாத கொலம்பியக் கிழவர், 94 வயதில் சிறந்த பாடகருக்கான கிராமி விருதை வென்றார்” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. ஆள் உண்மை, வயது உண்மை. விருதுதான் தவறு.

மாகின் தியாஸ் 1922 டிசம்பரில், கொலம்பியாவின் பொலிவார் மாநிலம் மஹாதெஸ் வட்டாரத்தின் கமேரோ கிராமத்தில் பிறந்தவர். ஆப்பிரிக்க வம்சாவளியினரின் புல்லெரெங்கே பாட்டில் ஊறியவர். இதில் ஒருவர் அடியெடுத்துப் பாட, சுற்றி நிற்பவர்கள் கைதட்டிப் பின்பாட்டுப் பாடுவார்கள். சிறிய முரசான ‘யாமதோர்’ மாறாத தட்டில் தாளத்தைப் பிடித்துக்கொள்ள, இன்னொரு முரசான ‘அலெக்ரே’ அதன்மேல் விளையாடும். கரும்பாலையில் உழைத்த அவருக்குக் கியூப இசையும் பழக்கம்.

2017 நவம்பர் 16 அன்று லாஸ் வேகாஸில் நடந்தது, ஸ்பானிய, போர்த்துக்கேய மொழி இசைக்கான லத்தீன் கிராமி விழா. அமெரிக்க கிராமி வேறு. லத்தீன் கிராமி 2000 முதல் தனியாக வழங்கப்படுகிறது. அவருடைய ‘எல் ஒரிஷா தே லா ரோசா’ தொகுப்பு இரண்டு பிரிவுகளில் போட்டியிட்டது. சிறந்த நாட்டுப்புற இசைத் தொகுப்பு விருது மெக்சிகோவின் நத்தாலியா லாஃபூர்காதேவுக்குப் போனது. கமேரோ பாட்டுக்காரரின் தொகுப்பு வென்றது, சிறந்த உறை வடிவமைப்புக்கான விருதை. அட்டை, ஓவியம், கையேடு ஆகியவற்றுக்கான அந்த விருது கலை இயக்குநர்களுக்கு உரியது, பாடகருக்கு அல்ல. “தொகுப்பு வென்றது” என்பதை “பாடகர் வென்றார்” என்று சுருக்கியதில்தான் குழப்பம்.

அவர் விழா மேடையிலேயே இறந்தார் என்று சொல்லப்படுவதும் பொய். விழாவுக்குச் சென்றவர் அதே நகரில் நவம்பர் 28 அன்று காலமானார். அவருடைய பாட்டுக்கே கிடைத்த பெருமை வேண்டுமென்றால், அதே ஆண்டு கொலம்பியப் பண்பாட்டு அமைச்சகம் தந்த வாழ்நாள் சாதனைக்கான தேசிய விருதைச் சொல்லலாம். பகிரப்படும் செய்தியில் அது இல்லை.