மீதிக் காலத்துக்கு மட்டும் ஓட்டு போடச் சொல்கிறார்கள்

1996, 1998, 1999. மூன்றரை வருடத்துக்குள் மதுரைக்காரர்கள் மூன்று தடவை எம்.பி. தேர்ந்தெடுத்தோம். முதலில் த.மா.கா.வின் ராம்பாபு, அடுத்து ஜனதா கட்சியின் சுப்பிரமணியன் சுவாமி, அப்புறம் மார்க்சிஸ்ட் கட்சியின் மோகன். 1999 மார்ச்சில் சோனியாவையும் ஜெயலலிதாவையும் ஒரே இடத்தில் உட்கார வைத்த டெல்லி தேநீர் விருந்தைக் கொடுத்தவரே அப்போதைய நம் தொகுதி எம்.பி. சுவாமிதான். அடுத்த மாதம் அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டது. ஏப்ரல் 17 அன்று, 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது.

அந்தக் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே "எவ்வளவு வீண் செலவு" என்று சொல்லாதவர் கிடையாது. அந்த எரிச்சலை வைத்துத்தான், மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் வைக்கிற "ஒரே நாடு ஒரே தேர்தல்" என்பதை நம்மிடம் விற்கிறார்கள். அதற்காக 2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் வைக்கப்பட்ட 129ஆவது அரசியல் சட்டத் திருத்த மசோதாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் செலவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குள் இருக்கிற ஒரு விதியைப் பற்றித்தான் நான் பேச நினைக்கிறேன்.

மக்களவை பாதியில் கலைந்தால் தேர்தல் நடக்கும். அதை அந்த மசோதா தடுக்கவில்லை. ஆனால் அப்படித் தேர்ந்தெடுக்கப்படும் புதிய அவைக்கு ஐந்து வருடம் கிடையாது. பழைய அவைக்கு மிச்சமிருந்த காலம் எவ்வளவோ, அவ்வளவுதான். சட்டமன்றங்களுக்கும் இதே கதைதான்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாலாவது வருட முடிவில் ஒரு மாநில அரசு கவிழ்கிறது என்று வையுங்கள். தேர்தல் அறிவிப்பு வரும், நடத்தை விதிகள் வரும், பள்ளிக்கூட டீச்சர்கள் பயிற்சிக்குப் போவார்கள், வாக்கு இயந்திரத்தோடு ராத்திரி முழுக்க முழித்திருப்பார்கள். எல்லாம் முடிந்து வருகிற அரசுக்கு ஆயுள் ஒரு வருடம். ஒரு வருடம் கழித்து மறுபடி அதே வரிசையில் நாம் நிற்க வேண்டும். தேர்தலும் குறையவில்லை, செலவும் குறையவில்லை. குறைந்தது நம் ஓட்டின் மதிப்பு மட்டும்தான். அரசைக் கவிழ்த்தது அவைக்குள் இருந்தவர்கள், தண்டனை வாசலில் நிற்கிற நமக்கா?

ஒரு வருட அரசால் என்ன செய்ய முடியும்? தோப்பூருக்குப் போய்ப் பாருங்கள். அங்கேதான் மதுரை எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். பிரதான கட்டட வேலை தொடங்கவே ஐந்து வருடம் ஆனது. மாணவர்களுக்கு 2022 முதல் ராமநாதபுரத்தில் வகுப்பு நடந்தது. முழு ஆயுளோடு இருந்த அரசுகள் இருக்கும்போதே நிலைமை இது. நாளை ஒரு வருடத்துக்கு என்று வருகிறவரிடம் நாம் என்ன கேட்க முடியும்? "எனக்கு எங்கப்பா நேரம் கொடுத்தீங்க" என்று அவர் சொன்னால் அதில் நியாயம்கூட இருக்கும்.

சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் சேர்த்து ஓட்டு போட்டால் குழப்பம் குறையும் என்கிறார்கள். நம் மக்களைப் பற்றித் தெரியாதவர்கள் பேசுகிற பேச்சு இது. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37ஐ தி.மு.க. – இந்திரா காங்கிரஸ் கூட்டணி அள்ளியது. மதுரையும் அவர்களுக்குத்தான். பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். அரசைக் கலைத்தார்கள். மே மாதக் கடைசியில் சட்டமன்றத் தேர்தல். எம்.ஜி.ஆர். நம் மதுரை மேற்கில் நின்றார், ஜெயித்தார், ஆட்சியையும் பிடித்தார். ஐந்து மாதத்துக்குள் அதே ஜனங்கள் டெல்லிக்கு ஒருவரையும் கோட்டைக்கு ஒருவரையும் யோசித்துத்தான் அனுப்பினார்கள். பாதியில் வந்த தேர்தல்தான் அதற்கு வழி கொடுத்தது.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கஷ்டம் உண்மை. தேர்தல் நேரத்தில் திருமங்கலம் ஆட்டுச்சந்தை முடிந்து வருகிறவர்களைப் பறக்கும் படை நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். வேட்டி மடிப்பில் சுருட்டி வைத்திருந்த பணத்தை ஒரு பெரியவர் எடுத்துக் காட்டினார். ஐம்பதாயிரத்துக்கு மேல் இருந்தது. ஆவணம் கேட்டார்கள். "ஆடு வித்த காசு சார், ஆட்டுக்கு எவன் சார் பில்லு தர்றான்?" என்றார். அதிகாரியும் கோபப்படவில்லை, "நான் என்னங்கய்யா பண்றது, ரூல்ஸ்" என்று சொல்லி ரசீது எழுதினார். பணம் கருவூலத்துக்குப் போனது. அதைத் திருப்பி வாங்க எத்தனை நடை நடந்திருப்பாரோ. அதே திருமங்கலத்தில் நடந்த 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகுதான், ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு நம் ஊர்ப் பெயரையே வைத்து "திருமங்கலம் ஃபார்முலா" என்றார்கள். இன்றைக்கும் அந்தப் பெயர் போகவில்லை. தேர்தலை உண்மையில் செலவாளியாக்குவது எது என்று இதில் தெரியவில்லையா? ஓட்டுக்குக் கொடுக்கிற அந்தப் பணத்தைப் பிடிக்க வழி பார்க்காமல் நம் ஐந்து வருடத்தில் கை வைப்பது என்ன கணக்கு?

சரி, அரசுகள் அடிக்கடி கவிழ்ந்துகொண்டே இருக்கலாமா என்றால், கூடாது. 1999இல் காபந்து அரசு இருக்கும்போதுதான் கார்கில் போர் நடந்தது. அவை கலைந்து புதிய அரசு வர ஐந்து மாதத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளி ஆபத்தானது. அதற்கு ஜெர்மனியில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அடுத்து யார் பிரதமர் (அங்கே சான்சலர் என்பார்கள்) என்று பெயர் சொல்லி, அவருக்குப் பெரும்பான்மையும் காட்டினால்தான் இருப்பவரை இறக்க முடியும். 1982இல் ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் பதவிக்கு வந்தது இந்த வழியில்தான். 1999 ஏப்ரலில் நம்மிடம் அப்படி ஒரு விதி இருந்திருந்தால், அரசைக் கவிழ்த்தவர்கள் மாற்றுப் பிரதமரை முதலில் காட்டியிருக்க வேண்டும். அது அவர்களால் முடியவில்லை என்பது அடுத்த சில நாட்களிலேயே தெரிந்தது.

இன்னொரு பக்கமும் பூட்டுப் போட வேண்டும். தனக்குச் சாதகமான நேரம் பார்த்து ஆளுங்கட்சியே அவையைக் கலைப்பது. 2004இல் வாஜ்பாய் அரசு சில மாதம் முன்னதாகவே தேர்தலுக்குப் போனது, தோற்றது. ஆனால் எப்போதும் தோற்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது. இலங்கையில் 2018 நவம்பரில் ஜனாதிபதி நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது, நாலரை வருடம் முடியாமல் கலைக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் அடுத்த மாதமே சொன்னது. ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாட்டில் முடிந்தது, இங்கே ஏன் முடியாது?

கலைப்பதைக் கடினமாக்குங்கள். கவிழ்ப்பவர்களுக்கு நிபந்தனை போடுங்கள். ஆனால் தேர்தல் என்று ஒன்று வந்துவிட்டால், எப்போது வந்தாலும், ஜெயிக்கிறவருக்கு முழு ஐந்து வருடம் கொடுங்கள்.

மசோதா அறிமுகத்துக்கு ஆதரவாக 269, எதிராக 198 ஓட்டு விழுந்தது. அறிமுகத்துக்கு அது போதும், நிறைவேற்றப் போதாது. வந்து ஓட்டளிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆகவே ஒவ்வொரு எம்.பி.யின் ஓட்டும் முக்கியம். உங்கள் தொகுதி எம்.பி. நன்றி சொல்லவோ, கல்யாண வீட்டுக்கோ, கோயில் விசேஷத்துக்கோ வரும்போது செல்ஃபி எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே இதையும் கேளுங்கள்: "மீதிக் காலம் மட்டும்தான் என்கிற அந்த விதிக்கு நீங்க கை தூக்குவீங்களா, மாட்டீங்களா?"