காமன் பொட்டலும் அரங்குதான்
நாடக அரங்குகள் பற்றிய ஆய்வு நூல்களையும் பழைய சட்ட எழுத்துகளையும் ஒன்றாக வைத்துப் பேசிய உங்கள் கட்டுரை, நல்ல முயற்சி. ஆனால் அரங்கு என்றதும் கிரேக்கத்துக் கல்லிருக்கைகளோடு நின்றுவிட்டீர்களே! மாசி மாதம், மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும்போது, இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் வந்து பாருங்கள். லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பக்கத்தில் காமன் கம்பம் ஊன்றிய பொட்டல்தான் மேடை. திரை கிடையாது. தப்பு மேளச் சத்தம் கேட்டதும் சனம் தானாக வட்டமாய் விலகி இடம் விடும். ரதியும் மதனும் ஆடிக்கொண்டே வந்தால் நம் வீட்டு வாசலும் அரங்குதான். அம்மா அவசரமாகச் சாணி தெளிப்பார்.

அப்புறம் சட்டம். 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையைச் சொல்லாமல் இலங்கைத் தொழிலாளர் சட்ட வரலாறு எப்படி? தொழிலாளியின் கடனைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று தோட்ட நிர்வாகம் எழுதிய சீட்டுதான் துண்டு. ஆள் தோட்டம் மாறினாலும் கடன் கூடவே போகும். எங்கள் தாத்தா அந்தக் கதையைச் சொன்னதும் அதே பொட்டலில் உட்கார்ந்துதான்.