ஏரிக்கரைப் பொன்னாங்கண்ணி, ஜாக்கிரதை

பெங்களூருக்கு வெளியே கூடாரம் போட்டு ரெண்டு நாள் காட்டுக்கீரை பறிக்கவும் கைவினை பழகவும் போனதாக எழுதியிருக்கிறீர்கள், நல்ல விஷயம்தான், ஐப்பசி மழைக்குக் கீரையெல்லாம் தளதளவென்று இருக்கும். ஆனால் ஒன்று விட்டுப்போச்சு. இங்கே ஏரிக்கரைகளில் பொன்னாங்கண்ணி மாதிரியே ஒரு களை படர்ந்து கிடக்கும். வெள்ளைப் பூ இலைக்கக்கத்தில் ஒட்டியிருந்தால் பொன்னாங்கண்ணி, நீளக் காம்பில் தனியாக நின்றால் அது வேற. சரி, அசலே ஆனாலும் கழிவுநீர் கலக்கும் ஏரியில் பறிக்காதீர்கள், ஈயம், காட்மியம் எல்லாம் செடிக்குள்ளேயே ஏறிவிடும், எத்தனை தடவை அலசினாலும் போகாது. அப்புறம், பெங்களூர் பக்கத்துச் சன்னபட்டணாவில் மரப்பொம்மை கடையும் கடைசல் வேலை பார்த்தீர்களா? சுழலும் வெட்பாலை மரக்கட்டையில் நிறம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்தினால் உராயும் சூட்டிலேயே நிறம் உருகி ஒட்டும், தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். என் பையன் கடைந்த பம்பரம்தான் கோணல், சுற்றவே மாட்டேன் என்கிறது.