அந்த மூன்று வாக்குகள்

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரெக்சிட் இழுபறியைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றும் பலர் ஒரே தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள். மக்கள் தெளிவாக முடிவெடுத்துவிட்டார்கள், நாடாளுமன்றம்தான் மூன்றரை ஆண்டுகளாக முட்டுக்கட்டை போட்டது என்பது அந்தத் தீர்ப்பு. இதை என்னால் ஏற்க முடியவில்லை. நடந்ததைத் தேதி வாரியாக எடுத்துப் பார்த்தால், உறுப்பினர்களுக்கு முன்பே குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியவர்கள் இரண்டு பிரதமர்கள்.

2016 ஜூன் 23 அன்று நடந்த மக்கள் வாக்கெடுப்பில் 1.74 கோடிப் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வாக்களித்தார்கள். 1.61 கோடிப் பேர் நீடிக்க வாக்களித்தார்கள். 51.9 சதவீதம், 48.1 சதவீதம். வாக்குச்சீட்டில் இருந்தவை இரண்டே கட்டங்கள். வெளியேறி எங்கே போவது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. நார்வேயைப் போல, பொருள்களும் சேவைகளும் ஆட்களும் தடையின்றிப் போய்வரும் ஒற்றைச் சந்தைக்குள் இருந்துகொள்ளலாம். உள்ளே சுங்கவரி இல்லாமல் வெளியாருக்கு ஒரே வரி விதிக்கும் சுங்க ஒன்றியத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கனடாவைப் போல ஒரு வர்த்தக ஒப்பந்தத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எந்த ஒப்பந்தமும் இல்லாமலும் வெளியே வந்துவிடலாம். இந்த நான்கும் வெவ்வேறு நாடுகளில் வாழ்வதற்குச் சமம். வெளியேறப் பிரசாரம் செய்தவர்கள் ஆளுக்கொன்றைச் சொன்னார்கள். வாக்கெடுப்பை அறிவித்த பிரதமர் டேவிட் கேமரனோ, தோற்றால் என்ன செய்வது என்று அதிகாரிகள் திட்டம் வகுப்பதற்குக்கூட இடம் தரவில்லை. முடிவு வந்த காலையில் பதவி விலகுவதாக அறிவித்தார். ஒரு நாட்டின் நாற்பது ஆண்டுக்கும் மேலான உறவைப் பணயம் வைத்துவிட்டு இப்படி நடந்துகொள்வதற்குப் பொறுப்பின்மை என்ற சொல் போதவே போதாது.

அவருக்குப் பின் வந்த தெரசா மே, 2017 ஜனவரியில் லண்டன் லான்காஸ்டர் மாளிகையில் தன் சிவப்புக் கோடுகளை, அதாவது விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனைகளை, வரைந்தார். ஒற்றைச் சந்தை வேண்டாம், சுங்க ஒன்றியத்தில் முழு உறுப்பினராக இருக்கப் போவதில்லை, ஐரோப்பிய நீதிமன்றத்தின் அதிகாரம் செல்லாது. யாரைக் கேட்டு வரைந்தார்? 48 சதவீதத்தினரைக் கேட்கவில்லை, எதிர்க்கட்சியைக் கேட்கவில்லை. தன் கட்சியின் ஒரு பகுதியை மட்டும் திருப்திப்படுத்தினார். அந்த ஆண்டு ஜூனில் தேர்தல் வைத்துப் பெரும்பான்மையையும் இழந்தார். வட அயர்லாந்து பிரிட்டனோடு இணைந்தே இருக்க வேண்டும் என்னும் ஜனநாயக ஒன்றியவாதக் கட்சியின் 10 உறுப்பினர்களைப் பிடித்துக்கொண்டுதான் ஆட்சியில் நீடிக்க முடிந்தது. பெரும்பான்மை போன அன்றே எதிர்க்கட்சியை அழைத்துப் பேசியிருக்க வேண்டும். அந்த அழைப்பு 2019 ஏப்ரலில்தான் போனது. ஆறே வாரத்தில் பேச்சுவார்த்தை முறிந்தது.

இந்த இடியாப்பச் சிக்கலின் மையம் அயர்லாந்து. அயர்லாந்துக் குடியரசுக்கும் வட அயர்லாந்துக்கும் இடையே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை. அதைக் கடக்க 200-க்கும் மேற்பட்ட சாலைகள். ஒரு காலத்தில் ராணுவக் காவல் கோபுரங்கள் நின்ற இடங்களில் இன்று வேகவரம்புப் பலகையில் மைல் கிலோமீட்டராக மாறுவதை வைத்துத்தான் நாடு மாறிவிட்டதைக் கண்டுபிடிக்க வேண்டும். வட அயர்லாந்து மோதலில் சுமார் 3,500 உயிர்கள் போன பிறகு, 1998-இல் கையெழுத்தான புனித வெள்ளி ஒப்பந்தத்தின் பலன் அது. பிரிட்டன் சுங்க ஒன்றியத்தையும் ஒற்றைச் சந்தையையும் விட்டுப் போனால் சரக்குகளை எங்காவது ஓரிடத்தில் சோதித்தாக வேண்டும். தரை எல்லையில் சோதித்தால் அமைதிக்கு ஆபத்து. கடலில் சோதித்தால் வட அயர்லாந்து பிரிட்டனின் மற்ற பகுதியிலிருந்து பிரிக்கப்பட்டதாகிவிடும். சுங்க ஒன்றியத்தை விட்டு விலகல், திறந்த தரை எல்லை, பிளவுபடாத பிரிட்டன் ஆகிய மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுக்காமல் தீர்வே கிடையாது.

இது தெரியாமல் நடந்ததா என்றால் இல்லை. ஜான் மேஜர், டோனி பிளேர் என்ற இரு முன்னாள் பிரதமர்கள், எதிரெதிர்க் கட்சிக்காரர்கள், மக்கள் வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் முன்பு வட அயர்லாந்தின் டெர்ரி நகருக்கே போய் எச்சரித்தார்கள். இங்கிலாந்தில் யார் காதில் விழுந்தது?

2019 ஜனவரி 15 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தோடு தெரசா மே பேசி முடித்த வெளியேற்ற ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 202, எதிர்ப்பு 432. நவீன காலத்தில் எந்த பிரிட்டிஷ் அரசும் இத்தனை பெரிய வித்தியாசத்தில் தோற்றதில்லை. அந்த இரவில் ஒரு காட்சி என்னை உலுக்கியது. தொழிற்கட்சி உறுப்பினர் டியூலிப் சித்தீக், பிரசவ அறுவை சிகிச்சையை இரண்டு நாள் தள்ளிவைத்துவிட்டுச் சக்கர நாற்காலியில் வாக்களிக்க வந்தார். வர முடியாத உறுப்பினருக்கு ஈடாக எதிர்த்தரப்பில் ஒருவர் வாக்களிக்காமல் இருப்பது அங்கே வழக்கம். ஆறு மாதத்துக்கு முன் இன்னொரு பெண் உறுப்பினர் பேறுகால விடுப்பில் இருந்தபோது ஆளுங்கட்சி அந்த வழக்கத்தை மீறியிருந்தது. நம்பிக்கை அந்த அளவுக்குக் கெட்டுப்போயிருந்தது. சித்தீக்கின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போன பிறகுதான் பதிலாள் மூலம் வாக்களிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

மார்ச் 12 அன்று அதே ஒப்பந்தம் மறுபடி தோற்றது. மார்ச் 29 அன்று மூன்றாம் முறையும் தோற்றது. இடையில் மார்ச் 20 இரவு தெரசா மே தொலைக்காட்சியில் தோன்றி, தான் மக்கள் பக்கம் நிற்பதாகவும் உறுப்பினர்கள்தான் இழுத்தடிப்பதாகவும் பேசினார். 2016 மக்கள் வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு ஜோ காக்ஸ் என்ற உறுப்பினரை அவருடைய தொகுதித் தெருவிலேயே ஒரு தீவிர வலதுசாரி கொன்ற நாடு அது. உறுப்பினர்களுக்குக் கொலை மிரட்டல்கள் வந்துகொண்டிருந்த நேரத்தில் ஒரு பிரதமர் அப்படிப் பேசலாமா? அந்த உரையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

உறுப்பினர்கள் குற்றமற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. மார்ச் 27 அன்று அவர்களே அலுவல் பட்டியலைக் கையில் எடுத்து எட்டு மாற்று வழிகளை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். எட்டும் தோற்றன. ஏப்ரல் 1 அன்று நான்கு வழிகள், அவையும் தோற்றன. ஆனால் அன்று, ஆளும் கன்சர்வேடிவ் கட்சியின் கென்னத் கிளார்க் முன்மொழிந்த சுங்க ஒன்றியத் தீர்மானத்துக்கு ஆதரவு 273, எதிர்ப்பு 276. மூன்றே மூன்று வாக்குகள். ஸ்காட்லாந்து தேசியக் கட்சியினர் பெரும்பாலும் வாக்களிக்கவே இல்லை. இரண்டாம் மக்கள் வாக்கெடுப்பைத் தவிர எதையும் ஏற்க மாட்டோம் என்று நின்ற சிலர் எதிர்த்தே வாக்களித்தார்கள். தங்களுக்குப் பிடித்த முதல் வழி கிடைக்காதென்று தெரிந்த பிறகும் இரண்டாவதைத் தொட மறுத்தார்கள். அதே இரவில், தன் கட்சி சமரசத்துக்கு மறுக்கிறது என்று அவையிலேயே அறிவித்துவிட்டு கன்சர்வேடிவ் கட்சியிலிருந்து வெளியேறினார் நிக் போல்ஸ். அங்கே இருந்த 600-க்கும் மேற்பட்டோரில் நிலைமையின் அவசரம் புரிந்தவர்கள் மிகச் சிலர்தான் என்று எனக்குத் தோன்றியது.

இந்த நிச்சயமின்மை யார் தலையில் விடிந்தது என்பதும் எனக்குத் தெரியும். நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் நாடுகளில் குடியுரிமை பெற்று, பிறகு பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காகவும் உறவுகளுக்காகவும் லண்டன், லெஸ்டர் பக்கம் வந்து சேர்ந்த ஈழத் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ஒருமுறை நாடு விட்டு ஓடிவந்தவர்கள். இங்கே தங்க அனுமதி கேட்டு அவர்களும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. ஆளுக்கு 65 பவுண்டு கட்டணம் என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பி 2019 ஜனவரியில் அதைக் கைவிட்டார்கள். பணம் மிஞ்சியது, பயம் போகவில்லை.

பிறகு பிரதமராக வந்தார் போரிஸ் ஜான்சன். நாடாளுமன்றம் பிரெக்சிட்டைத் தடுக்கிறது என்பதுதான் அவருடைய ஒரே கோஷம். மேயின் ஒப்பந்தத்தை முதல் இரண்டு முறை எதிர்த்து வாக்களித்தவர்களில் அவரும் ஒருவர் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? ஐந்து வாரம் அவையை மூடப் பார்த்தார். உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக அது சட்டவிரோதம் என்றார்கள். எதிர்த்து வாக்களித்த சொந்தக் கட்சியினர் 21 பேரைக் கட்சிக் குழுவிலிருந்து நீக்கினார். கென்னத் கிளார்க்கும் சர்ச்சிலின் பேரனும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். கடைசியில் 2019 டிசம்பர் தேர்தலில் 365 இடங்களோடு வென்று, 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு நாட்டை வெளியே கொண்டுவந்தார்.

எப்படி? கடலில் எல்லை வைத்து. எந்த கன்சர்வேடிவ் அரசும் அதற்கு ஒப்பாது என்று 2018-இல் ஜனநாயக ஒன்றியவாதக் கட்சியின் மாநாட்டு மேடையிலேயே உறுதி கொடுத்தவர் அவர். அந்தக் கோபத்தில் அக்கட்சி 2022 பிப்ரவரியிலிருந்து இரண்டு ஆண்டுகள் வட அயர்லாந்து அரசையே இயங்கவிடவில்லை. மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் முடிவெடுக்க அமைச்சர்கள் இல்லாமல் அங்குள்ள மக்கள் தவித்தார்கள்.

2025 மே மாதம், அதே லான்காஸ்டர் மாளிகையில் பிரதமர் கீர் ஸ்டார்மர் ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்களோடு அமர்ந்தார். உணவுப் பொருள் சோதனைகளைக் குறைக்க ஓர் ஒப்பந்தத்தை நோக்கிப் பேசலாம் என்றார்கள். ஐரோப்பியப் படகுகளின் மீன்பிடி அனுமதியை 2038 வரை நீட்டித்தார்கள். 2019-இல் மொத்தமாகக் கைக்கெட்டிய தூரத்தில் இருந்ததை இப்போது துண்டு துண்டாகப் பேரம் பேசுகிறார்கள். ஆனால் சுங்க ஒன்றியத்துக்குத் திரும்புவதில்லை என்று தொழிற்கட்சியும் தன் தேர்தல் அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறது. 2016 தீர்ப்பை மதிக்க வேண்டுமாம். 2016 வாக்குச்சீட்டில் சுங்க ஒன்றியத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவே இல்லை.