பசிபிக் தீவு நாடான நவுருவில் அதிபரை அசைக்க முடியாதா?
"நவுருவில் கட்சிகளே இல்லை, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் அதிபர் வைத்ததுதான் சட்டம், அவரை யாரும் அசைக்க முடியாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கட்சி விஷயம் பெருமளவு சரி. உறுப்பினர்களில் பெரும்பாலோர் சுயேச்சைகள்தான். மற்றது அப்படியே தலைகீழ்.

அங்கே மக்கள் தேர்ந்தெடுப்பது நாடாளுமன்றத்தை மட்டும். 8 தொகுதிகள், 19 உறுப்பினர்கள், 3 ஆண்டு. அந்த 19 பேர் தங்களுக்குள் ஒருவரை அதிபராக்குகிறார்கள். பெயர்தான் அதிபர், பிழைப்பு நம்ம ஊர் முதல்வர் மாதிரி: சபையின் ஆதரவு போனால் நாற்காலியும் போச்சு. 2022 செப்டம்பரில் அதிபரான ரஸ் குன், 2023 அக்டோபரில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் வீழ்ந்தார். அடுத்து வந்தவர் டேவிட் அடியாங். இப்படி வீழ்ந்ததில் ரஸ் குன் முதல் ஆள் இல்லை. நடுவழியில் கவிழ்ந்த அதிபர்கள் அங்கே நிறைய. கட்சிக் கொறடா இல்லாத சபையில் இரண்டு மூன்று பேர் பக்கம் மாறினாலே கதை முடிந்தது. முன்பு 18 இடங்கள்தான். சரிபாதியாகப் பிரிந்து முட்டிக்கொண்டு நின்ற பிறகுதான் 2013-இல் 19 ஆக்கினார்கள்.

வாக்களிக்கும் முறையும் சுவாரசியமானது. வாக்குச்சீட்டில் எல்லா வேட்பாளர்களையும் வரிசைப்படுத்த வேண்டும். முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு அரை, மூன்றாமிடத்துக்கு மூன்றில் ஒன்று என்று போகும். 1971 முதல் இதுதான். வாக்களிப்பது கட்டாயம் வேறு.

அரசாங்கம் நிலைக்கவில்லை என்று குறை சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். அசைக்க முடியாத அதிபர் என்பது மட்டும் நவுருவுக்குப் பொருந்தாது.